மைக்கில் பேசப் போகிற மகள்

எண்பதுகளில் ஒரு சாரல் நாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு எம்மவ மைக்குல அவ அப்பாவுக்கு எதிராப் பேசப் போறா, மதினி," என்றாள் இளையவள்.

"என்னட்டி சொல்லுத?"

"குற்றாலத்துல மரம் நடுத விழா. மலையில மரம் வெட்டக் கூடாதுன்னு பேச, பள்ளிக்கூடத்துல இவளத்தான் சொல்லிருக்காவ. இவ அப்பா மலையில விறகு வெட்டித்தான நாங்க சாப்பிடுதோம். பாரஸ்ட் ரேஞ்சர் வேற மேடையில இருப்பாராம்."

"அப்பா வெட்டுதத சொல்ல மாட்டால்லா?"

"எங்க வீட்டுலயே வெட்டுதாவன்னு சொல்லுவேங்கா. மறைச்சுப் பேச வராதாம்."

பஸ் மேலகரம் தாண்டியது. மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அவ அப்பாவுக்குத் தெரியுமா?"

"நேத்து அவரு முன்னாலயே நின்னு பேசிப் பழகுனா. முழுசாக் கேட்டாரு."

"அடிச்சாரா?"

"இல்ல மதினி. எந்திரிச்சுப் போயி வெள்ளச் சட்டைய எடுத்துட்டு வந்து எங்கையில குடுத்தாரு. 'தேச்சு வையி, நாளைக்கு முன் வரிசையில உக்காந்து கேக்கணும்'னாரு. எனக்குப் பயமா இருக்கு. இன்னும் தேய்க்காமத்தான் வச்சிருக்கேன்."