முதல் வரிசையில் ஒரு பச்சைக் கட்டு

லெனோர்: ...அந்த வைக்கோல் கட்டைத் திருப்பிப் போடு, ஆர்வில். வெட்டுன பக்கம் மேல வந்திருக்கு.

ஆர்வில்: தெரியும்.

லெனோர்: தெரிஞ்சேவா போடுறே? மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க மெல்லிசா உடுத்திக்கிட்டு வருவாங்க. ஊசி ஊசியாக் குத்தும்.

ஆர்வில்: குத்தட்டுமே! வைக்கோல் கட்டுல உக்காந்தாத்தான் கல்யாணம்னு அடம் பிடிச்சது அவங்கதானே? கொலம்பஸ் டவுன்ல நாற்காலியே கிடைக்கலை போல... பாவம்.

லெனோர்: உன் மக டெஸ்ஸாவும் சேர்ந்துதான் கேட்டா. மடிஞ்ச பக்கம் மேல வரணும். இருபத்திரண்டு வருஷம் இதே நிலத்துல கட்டு தூக்கினவ நான். என்கிட்டயே உன் வேலையைக் காட்டாதே.

ஆர்வில்: ஐயோ தாயே... நீ போய் அஞ்சு வருஷம் ஆச்சே, மறந்திருப்பேன்னு நினைச்சேன். பல் டாக்டர் வீட்டுல எல்லாம் மெத்தையாமே...

லெனோர்: ஆரம்பிச்சிட்டியா? காலையில இருந்து இது ஒன்பதாவது தடவை.

ஆர்வில்: எண்ணிக்கிட்டே இருக்கியாக்கும்!

லெனோர்: போர்வையைப் பிடி. அந்த முனையை... இல்ல, இது கிழிஞ்சிருக்கு. இது உன் வரிசைக்கு.

ஆர்வில்: என் வரிசை! நிலம் என்னோடது, கோதுமை என்னோடது, அந்தப் பரங்கிக்காய்க் குவியலும் என்னோடது. பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றதும் நான். கொண்டாந்து விட்டுட்டு ரெண்டாவது வரிசையில போய் உக்காரணுமாம். அந்தப் பல்லுக்காரன் முதுகைப் பார்த்துக்கிட்டு.

லெனோர்: பிரிஞ்சவங்க வீட்டுல அதான் வழக்கம். அம்மாவும் அவ புருஷனும் முன்னால. ஒரு கட்டுக்கு ரெண்டு பேரு. டெஸ்ஸா படமே போட்டுக் கொடுத்திருக்கா, பார்க்கலையா?

ஆர்வில்: பார்த்தேன். அவன் முதுகு எவ்வளவு அகலம்னு மட்டும் போடலை.

லெனோர்: சும்மா இரு...

ஆர்வில்: எனக்கென்ன, அந்த மனுஷனை நினைச்சாத்தான் கவலையா இருக்கு. வைக்கோல் ஒத்துக்குமா? தும்முவானே.

லெனோர்: கிளிஃப்டன் வைக்கோலுக்குத் தும்ம மாட்டாரு. காய்ஞ்ச புல்லுக்குத்தான். உனக்குத் தெரியாதாக்கும்?

ஆர்வில்: எனக்கு எப்படித் தெரியும்?

லெனோர்: டெஸ்ஸா பட்டம் வாங்குனப்போ உன் கொட்டகையில புல்லுக் கட்டு பக்கத்துல நின்னு பதினெட்டு தும்மல் தும்முனாருன்னு ஊர் பூரா சொன்னது யாரு?

ஆர்வில்: பத்தொன்பது.

லெனோர்: ம்ம்... அப்போ முன் வரிசையில, எங்க ரெண்டு பேருக்குப் போட்ட கட்டு மட்டும் ஏன் பச்சையா இருக்கு?

ஆர்வில்: எது?... ஓ, அதுவா... மரத்து நிழல் விழுது.

லெனோர்: நிழலுக்கு வாசனை இருக்குமா? குனிஞ்சு மோந்து பாரு. புல்லு, ஆர்வில். காய்ஞ்சாலும் பச்சை போகாத மாட்டுப் புல்லு.

ஆர்வில்: கை தவறி வந்திருக்கும்.

லெனோர்: கை தவறியா! டவுன்காரன்தான் ரெண்டையும் ஒண்ணும்பான். நாப்பது வருஷமா விவசாயம் பண்றவன் மாத்திப் போட்டேன்னு சொன்னா, நாளைக்குத் தீவனக் கடையில உன்னை உள்ள விடுவானா?

ஆர்வில்: ...சரி. வேணும்னுதான் வச்சேன். நாலு தும்மல் தும்மிட்டுக் காருக்குப் போயிருவான். இடம் காலியாகும்.

லெனோர்: காலியானா?

ஆர்வில்: ...நான் வந்து உக்காரலாம்னு. அவ மோதிரம் மாத்துறப்போ உன் பக்கத்துல இருந்து பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. போதுமா? சிரி. நல்லாச் சிரி.

லெனோர்: நான் சிரிக்கலையே.

ஆர்வில்: நகரு... தூக்கிடறேன். நல்ல வைக்கோலாவே கொண்டாந்து போடறேன், மடிஞ்ச பக்கம் மேல வர்ற மாதிரி.

லெனோர்: விடு. அது அங்கயே இருக்கட்டும்.

ஆர்வில்: விளையாடாதேடி. நிஜமாவே அந்த ஆளுக்கு மூச்சு முட்டிரும்.

லெனோர்: நேத்தே பார்த்துட்டேன் அந்தக் கட்டை. வசதியாப் போச்சுன்னுதான் பேசாம இருந்தேன். 'புல்லு ஒத்துக்கலை, கிளம்பிட்டாரு'ன்னு மூணு மணிக்குக் கல்யாணத்துக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாமே... கிளிஃப்டன் வரமாட்டாரு, ஆர்வில். ஜூலையிலேயே பெட்டியைக் கட்டிட்டாரு. டெஸ்ஸாகிட்ட இன்னும் சொல்லலை.

ஆர்வில்: ஏன்... என்னாச்சு?

லெனோர்: அஞ்சு வருஷமா நான் வாயைத் திறந்தாலே உன்னைத்தான் திட்டுறேனாம். வீட்டுல வேற பேச்சே இல்லையாம்... நிக்காதே, அந்தக் கிழிஞ்ச போர்வையை எடுத்துக்கிட்டு முன்னால வா.