மருந்தா, சீனியா?

வல்வெட்டித்துறை பஸ்ஸில் சாரதி, கண்டக்டர், மீன் விற்றுத் திரும்பும் ஒரு பெண், ஹோமியோபதி வைத்தியர் ஒருவர், நான். வைத்தியர் கண்டக்டரிடம் கதைத்துக்கொண்டு வந்தார்.

“நேற்றுச் சுகாதாரத் திணைக்களக்காரர் பரிசோதிக்க வந்திட்டாங்கள், தம்பி. பதிவு இல்லாமல் மருந்து குடுத்தால் வழக்காம்.”

“என்ன சொன்னியள், ஐயா?”

“மருந்தில்லை, வெறும் சீனி உருண்டை எண்டன். ஒண்டை வாயிலை போட்டுப் பார்த்திட்டுப் போயிட்டாங்கள்.”

பின்னால் இருந்த பெண் எழும்பி வந்தார்.

“உந்த உருண்டையைத்தானே ஐயா என்ரை சலரோகத்துக்குத் தந்தனீங்கள்? ரத்தத்திலை சீனி ஏன் ஏறுது எண்டு கிளினிக்கிலை பேச்சு வாங்கினன்.”

“உமக்குத் தந்தது மருந்து, பிள்ளை.”

“அப்ப அதை அவங்களிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

கண்டக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை போட்டனீங்கள், அக்கா?”

“பன்னிரண்டு.”