தைலப் புட்டியில் அன்னக்கிளி பெயர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். கேத்தியில் கல்யாணப் பத்திரிகைக்கு உறைமேல் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். சர்ச் அறிவிப்புப் பலகையும் என் கைதான். ஞானசீலன் வாத்தியார் எழுத்து என்றால் தூரத்திலேயே தெரியும் என்பார்கள். உங்களுக்கும் தெரிந்துவிட்டது, சந்தோஷம்.

ரிடையர் ஆனபின் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, யூகலிப்டஸ் தைலத்தைப் புட்டியில் அடைத்து ஆன்லைனில் விற்றேன். வாங்குகிற ஜனங்கள் இருக்கிறார்களே, நன்றி கெட்டவர்கள். தோல் எரிகிறதாம், பெயின்ட் வாடை அடிக்கிறதாம். புகார் எழுதி எழுதியே அந்தத் தளத்தில் என் கடையை மூட வைத்தார்கள். கொஞ்சம் டர்பன்டைன் கலக்காமல் தைலம் யாருக்குக் கட்டுபடியாகும், நீங்களே சொல்லுங்கள்.

மறுபடி கடை திறக்க வேறொருவரின் ஆதார், பான் கார்டு வேண்டும். புட்டியில் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். புகார் வந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சட்டம் பெயரைத்தான் கேட்கிறது. என் ஷெட்டில் புட்டி கழுவுகிற அன்னக்கிளிக்கு ஒரு பெயர் இருந்தது.

அவளுடையது சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஒரு காகிதம் தொலைந்துபோய், அவள் அப்பா வருஷக்கணக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாராம். அதனால் எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நகல் கேட்பாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "சார், என்னா கடுதாசின்னு பின்னால தமிழ்ல எழுதிக் குடுத்துருங்க. பொட்டியில வச்சிக்கிறேன்" என்பாள். அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் எல்லோருக்கும் இதே பழக்கம். எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் எழுதிக் கொடுப்பேன். படிக்காதவர்களிடம் எனக்குப் பொறுமை உண்டு.

லேபிளில் அவள் படத்தையே போட்டேன். தேயிலைக் கூடை மாட்டிய பெண் என்றால் பட்டணத்துக்காரர்கள் உருகிவிடுவார்கள். 'பிறந்த குழந்தைக்கும் ஏற்றது' என்ற வரி நான் சேர்த்தது.

மார்ச்சில் அன்னக்கிளி பெயருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. முகவரி என் ஷெட்தானே, நானே வாங்கிப் படித்தேன். சேலத்தில் நான்கு மாதக் கைக்குழந்தை. சளிக்கு நெஞ்சில் தடவியிருக்கிறார்கள், வலிப்பு வந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டது. பிழைத்த குழந்தைக்கு எதற்கு நோட்டீஸ் என்று எரிச்சல்தான் வந்தது. விற்பனையை உடனே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஷெட்டில் நானூறு புட்டி தேங்கிக் கிடந்தது. நோட்டீஸை அடுப்பில் போட்டுவிட்டு, தள்ளுபடி அறிவித்து அத்தனையையும் அனுப்பிவிட்டேன். நீங்கள் சொல்லும் அந்த இரண்டாவது குழந்தைக்குப் போனது அந்த நானூறில் ஒன்று. அது பிழைக்கவில்லை.

உங்கள் ஜீப் வந்தபோது அன்னக்கிளி புட்டிக்கு மூடி திருகிக்கொண்டிருந்தாள். "என்னா சார் இது? நீங்க சொல்லுங்க சார்" என்று என் பக்கம் திரும்பினாள். ஷெட்டை அவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன், வேறொன்றும் தெரியாது என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் பதினெட்டு நாள் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தாள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவளுக்காக ஜெபிக்கும்படி சர்ச் பலகையில் அழகாக எழுதிப் போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் மகள் வனிதா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். "ரெண்டும் ஒரே எழுத்துங்க, பாருங்க" என்றாளாமே.

நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் இந்த நகல் கடைப் பதிவுக்கானது. இதில் தன் பெயர் ஏன் இருக்கிறது என்று அன்று நச்சரித்தாள். வாயை மூட வைக்கப் பின்பக்கம் எழுதினேன்: 'இது சம்பளச் சீட்டு. கடை என்னுடையது. உனக்கு ஒரு தொந்தரவும் வராது. ஞானசீலன்.'

ஆமாம், என் எழுத்துதான். கலந்தவன் நான். தெரிந்தே விற்றவன் நான். அவள் தலையில் கட்டியவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான். ஆறு வருஷம் என் கையால் சம்பளம் வாங்கினவள், என்மேல் துளி நம்பிக்கை இல்லாமல் இந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாளே.