முறைத் தண்ணீர்

— கைதட்டுனாங்களா இல்லீங்களா, அதை மொதல்ல சொல்லுங்க கொழுந்தனாரே.

— தட்டாம இருப்பாங்களா அண்ணி? சூலூர்த் திடலே அதிர்ந்துபோச்சு. அதாவது, இந்த ஆறுச்சாமி மைக்கைப் புடிச்சா ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தனும் எந்திரிக்கறதில்லீங்க.

— அப்படி என்னங்க பேசுனீங்க?

— அதாவது, நிலம், நீர், காத்து, இதெல்லாம் ஒருத்தன் சொத்தில்ல, மனுசனாப் பொறந்த அத்தனை பேருக்கும் பொது. ஆண்டானும் இல்ல, அடிமையும் இல்ல. சாதிங்கறது மனுசன் நட்ட வேலி, அதைப் புடுங்கி எறியோணும். கடைசியா, மாட்டை வதைக்கற பழைய விவசாயம் ஒழியோணும், விஞ்ஞானம் வரோணும்னு முடிச்சேன். அங்கதானுங்க கைதட்டல்!

— நல்லா இருக்குதுங்க நாயம். இப்ப இப்படிக் கெணத்துக்குப் பக்கம் வாங்க. பைய, பைய. எட்டிப் பாருங்க. என்ன தெரியுது?

— சேறு தெரியுதுங்க.

— இன்னைக்கு ஆரு முறை?

— உங்க முறை.

— என் முறையில சேறு. நேத்து உங்க முறையில?

— நேத்துத் தண்ணி இருந்துச்சு. அதாவது அண்ணி, இதுல என் தப்பு என்னங்க இருக்குது? பாகம் பிரிச்சப்ப என்ன பேச்சு? கெணறு பங்கு, ஒருநாள் அண்ணனுக்கு, ஒருநாள் தம்பிக்கு. அண்ணன் போன பொறவு அவரு முறை உங்களுக்கு. உங்க முறையில ஒருநாளாவது நான் மோட்டாரைத் தொட்டிருக்கறனா?

— தொடலீங்க. தொடறதுக்கு என்ன மீதி வெச்சீங்க?

— முறைன்னா நாளுதானுங்க. ஒரு நாளைக்கு இத்தனை சால் தண்ணின்னு ஆரும் கணக்கு வெக்கலியே.

— வெக்கலீங்க. ஏன் வெக்கலை? ரெண்டு மாடு இருந்துச்சு. கவலையில பூட்டுனா, தண்ணிச் சாலை இழுத்து இழுத்து உச்சிப்பொழுதுக்கு நொரை தள்ளி நின்னுக்கும். அதுக்கு மேல எத்தனை அதட்டுனாலும் ஒரு எட்டு வெக்காது. அது நின்ன நேரத்துல கெணறு ஊறிக்கும், அடுத்த நாளைக்காரன் மொகத்துல முழிக்கலாம். மாடு சளைக்கறதுதானுங்க நம்மளுக்குக் கணக்கு. உங்க மோட்டாருக்குச் சளைப்பு எங்கிருந்து வரும்? பைக்காராவுல பேயற மழை அங்க கரண்டாகி, இங்க வந்து நம்ம கெணத்தை நக்கிக் குடிச்சுட்டுப் போகுது.

— இதைத்தானுங்க பழமைவாதம்னு நாங்க சொல்றது.

— அப்படீன்னா என்னங்க?

— அதாவது, மாடு நிக்கறதைப் பாத்து மனுசனும் நின்னுக்கறது.

— எனக்கு நிக்கறதுக்கு மாடு சொல்லிக் குடுக்குது. உங்களுக்கு ஆரு சொல்லிக் குடுப்பா?

— நீங்களும் ஒரு மோட்டார் போட்டுக்குங்களேன்.

— போட்டு? ரெண்டுமாச் சேந்து சேத்தைக் குடிக்கறதுக்கா?

— அதுக்குத்தானுங்க இப்ப வந்ததே. அஞ்சு குதிரை மோட்டார் போதறதில்லை. பத்துக் குதிரை போட்டு, கெணத்துக்குள்ள தொளையும் போட்டா ஆழத்துத் தண்ணியை இழுத்துப்போடலாம். பங்குக் கெணறாச்சே, நீங்க செரின்னு ஒரு வார்த்தை சொல்லோணும்.

— எதுக்குங்க அத்தனை தண்ணி? உங்களுதும் பருத்தி, என்னுதும் பருத்தி.

— நான் அம்மோனியா உரம் போட்டிருக்கறனுங்களே. அதுக்குத் தண்ணி ஜாஸ்தி காட்டோணும்.

— வெள்ளை வெள்ளையா மூட்டையில வாங்கியாந்து போட்டு, மண்ணுக்குத் தாகத்தைக் கெளப்பிப்போட்டு, அந்தத் தாகத்துக்கு என் முறைத் தண்ணியா? என் காட்டுல நான் எருவுக்கு ஆட்டுப்பட்டி போட்டேன். இன்னும் ரெண்டு தண்ணி கட்டுனாப் போதும், காய் வெடிச்சுரும். இந்த வாரம் கட்டலீன்னா அத்தனையும் கொட்டிப்போகும். வருசம் முச்சூடும் எனக்குச் சோறு அதுதானுங்க. மாட்டைப் பூட்டறேன், எட்டிப் பாக்கறேன், அவுத்து உடறேன். மாடே என்னைப் பாத்துச் சிரிக்குது.

— எனக்கும் வருத்தமாத்தானுங்க இருக்குது அண்ணி. ஆனா ஒருத்தரோட பருத்திக்காவ நாட்டோட உற்பத்தியை நிறுத்த முடியுங்களா?

— நாடுன்னா உங்க நாலு ஏக்கரைத்தானுங்களே சொல்றீங்க?

— உங்ககிட்டப் பேசி செயிக்க முடியாதுங்க.

— செரி, ஒண்ணு கேக்கறேன். தண்ணி எல்லாருக்கும் பொதுன்னீங்களே, அது மைக்குக்குச் சொன்னதா, நெசமாவா?

— உசிரையே குடுப்பேனுங்க அதுக்கு!

— உசிரெல்லாம் வேண்டாமுங்க. என் முறையில ஊறற தண்ணியை நான் ஆருக்கு வேணாலும் குடுக்கலாமுங்களா?

— தாராளமா. முறை உங்களுது.

— அப்பச் செரி. ஊருக்கு வெளிய இருக்கற கீழ வளவுச் சனங்களைக் கொடம் எடுத்துட்டு வரச் சொல்லிப்போட்டேன்.

— எங்கீங்க?

— இங்கதான். படியில எறங்கி அவங்க கையாலயே மொண்டுக்கட்டும். பாவம், ஓடைப் பள்ளத்துல குழி தோண்டிக் குடிச்சுட்டு இருக்கறாங்க. இந்த ஊத்துல கசியறது சாலுக்குத்தான் எட்டாது, கொடத்துக்குப் போதும்.

— அண்ணி! இது நாம குடிக்கற கெணறுங்க! ரெண்டு ஊட்டுக்கும் சோறாக்கறதே இந்தத் தண்ணியில!

— பொதுதானுங்களே.

— பொதுதான்! ஆரு இல்லீன்னா? அதாவது, கட்டங் கட்டமா வரோணுமுங்க. மொதல்ல உற்பத்தி பெருகோணும். பொறவு படிப்பு வரோணும். பொறவு சனங்க மனசு பக்குவப்படோணும்.

— பொறவு தாகமெடுக்கோணுமாக்கும்.

— எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் அவங்களோட ஒக்காந்து டீக் குடிச்சவன். எங்கம்மா ஒரு வாய் குடிக்காது, உங்க மாமியாளை உங்களுக்குத் தெரியாதா? எம் பொண்டாட்டி துணிமூட்டையைக் கட்டீட்டு அப்பன் ஊட்டுக்குப் போயிருவா. நாளைக்கு எம் பொண்ணைக் கட்டறதுக்கு எவன் வருவான்?

— சூலூர்ல கைதட்டுனாங்களே, அவங்க வரமாட்டாங்களா?

— கேலி பேசாதீங்க. அவங்க கால் வெச்ச தண்ணியை இழுத்துக் காட்டுக்குப் பாய்ச்சுனாலே ஊரு பேசுமுங்க.

— அப்ப மோட்டாரு நின்னுக்குமா?

— ஓ! அதுக்குத்தானுங்களா இத்தனையும்?

— அதுக்கேதானுங்க. எனக்கு மேடையேறிப் பழக்கமில்லை, உள்ளதைச் சொல்லிப்போடறேன். அவங்களுக்குத் தண்ணி வேணும், எனக்கு உங்க மோட்டாரு நிக்கோணும். சளைப்புக்கு நிக்காதது தீட்டுக்காச்சும் நிக்குதான்னு பாக்கலாம்னுதான்.

— செரி, ஒரு வழிக்கு வருவமுங்க. என் முறையில உச்சிப்பொழுதோட மோட்டாரை நிறுத்திப்போடறேன்.

— ரெண்டு மாடு எப்ப நிக்குமோ, அப்ப.

— அப்பவே. பத்துக் குதிரையும் வேண்டாம், தொளையும் வேண்டாம்.

— ஆரு மேல சத்தியமுங்க?

— ஆனைமலை மாசாணியாத்தா மேல!

— சாமியே இல்லீன்னு போன மாசம் பேசுனீங்களாமே?

— அது பல்லடத்துலீங்க. அவங்களை மட்டும் திருப்பி அனுப்பிப்போடுங்க அண்ணி. இப்படியொரு பேச்சு நடந்ததே வெளிய தெரிய வேண்டாம். மாநாடு வருது, என்னைத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கறாங்க. தலைப்பே தீண்டாமை ஒழிப்புங்க.

— செரிங்க, அனுப்பிப்போடறேன். நெசத்தைச் சொன்னா, அவங்க மொண்ட தண்ணி எனக்கும் தொண்டையில எறங்காதுதான். அவங்க வந்து போனா, நான் குடிக்கறதுக்கு மட்டும் மேக்காலத் தோட்டத்துக் கெணத்துல சேந்திக்கலாம்னு பேசி வெச்சிருந்தேன்.

— பாத்தீங்களா! அப்பறம் என்னைய மட்டும் சொல்றீங்க.

— உங்களாட்டம் நான் மைக்குல சொல்லலீங்களே. அதா, பழனியாத்தா வாறா. அவகிட்டத்தான் வளவுக்குச் சொல்லி உட்டிருந்தேன். ஏ பழனியாத்தா, அங்கயே நில்லு கண்ணு. இன்னைக்கு வேண்டாம். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம், வளவுல சொல்லீரு.

— கேட்டுட்டுத்தானுங்க அம்மிணி நின்னேன். கவுண்டரு சத்தியம் பண்ணுனதும் காதுல உழுந்துச்சு.

— அதாவது பழனியாத்தா, வருத்தப்படாதே. கட்சி எப்பவும் உங்க பக்கந்தான். கொஞ்சம் பொறுத்துக்கோணும், அவ்வளவுதான்.

— வருத்தமெல்லாம் என்னத்துக்குங்க சாமி.

— ஏம்புள்ளே, கொடம் எடுத்துட்டு வரச் சொன்னா வெறுங்கையோட வந்து நிக்கறே?

— கொடமெல்லாம் ரொம்பி ஊட்டுல இருக்குதுங்க அம்மிணி.

— பள்ளந்தான் காஞ்சு கெடக்குதே. எங்க மொண்டே?

— இங்கதானுங்க. போன மாரியம்மன் நோம்பியிலிருந்து கோழி கூப்படற நேரத்துல எங்க வளவே இந்தப் படியில எறங்கித்தானுங்க மொண்டுட்டுப் போறோம், அந்தத் தண்ணியைத்தானுங்களே நீங்க ரெண்டு பேரும் குடிக்கறீங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?