குழாயில் வந்த தாளம்

இரண்டு வரிசைப் பெட்டி ஒரு மனுஷனுக்குத் தாராளமாகப் போதும் என்றுதான் நானும் நினைத்தேன் சார். வாங்கிய புதிதில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது.

உங்கள் ஆட்கள் வயர்களைப் பிடுங்காமல் அப்படியே தூக்கி வந்ததற்கு நன்றி. அதற்குப் பெயர் மாடுலர் சிந்தசைசர், மின்சாரத்தில் இசை எழுப்பும் கருவி. பலகை பலகையாக வாங்கிப் பெட்டியில் முடுக்க வேண்டும். ஒரு பலகை ஒலியை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று தாளம் கொடுக்கும். நடுவில் வயர் செருகினால்தான் ஒன்றோடு ஒன்று பேசும். செருகாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றை ஒன்றுக்குத் தெரியாது, எங்கள் குடியிருப்பு மாதிரி.

என் வேலை காது பரிசோதனை. கண்ணாடி அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். உள்ளே இருப்பவரிடம், "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பேன். ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் சொல்வேன். அதைத் தவிர வேறு வார்த்தை பேசாத நாட்கள் நிறைய உண்டு. வீட்டிலும் ஆள் கிடையாது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் குழாய் வழியாகத்தான் எனக்குத் தெரியும். இரண்டு சமையலறை மூலையிலும் ஒரே இரும்புக் குழாய்தான் ஓடுகிறது. நான் குடிவந்த வாரமே கத்தரிக்கோலின் முதுகால் அதைத் தட்டினார். சண்டைக்கு வருகிறார் என்று இறங்கிப் போனேன். வாய் நிறைய ஊசியோடு, "சத்தம் பரவாயில்லை தம்பி, அந்தக் கொசு ரீங்காரத்தை மட்டும் குறைச்சுக்கோ. தையல் கோணிக்கிட்டுப் போகுது" என்றார். அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு தட்டு தட்டினால் குறைக்க வேண்டும். இரண்டு தட்டினால் நன்றாக இருக்கிறது, நிறுத்தாதே என்று அர்த்தம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வருஷத்தில் பெட்டி நிரம்பிவிட்டது. புதிதாக ஒரு பலகை வைக்க இடமில்லை. நான்கு வரிசைப் பெட்டி வாங்குவதா வேண்டாமா என்று இருப்புக் கொள்ளாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு அக்காவிடமே போனேன். வேறு யாரிடம் போவது?

"உனக்கு எதுக்கு தம்பி இன்னொரு பொட்டி? இதையே இன்னும் ஒழுங்கா வாசிக்கக் காணோம். எதைத் தொட்டு ரொம்ப நாளாச்சோ அதைக் கழட்டிப் போடு. நான் துணி அலமாரியை அப்படித்தான் காலி பண்றேன்."

நான் கழற்றியது தாளப் பலகையை. அந்த இடத்தில், வெளியே கேட்கும் தட்டைத் தாளமாக மாற்றும் வேறொரு பலகையைப் பொருத்தினேன். சட்டைப் பொத்தான் அளவு ஒரு மைக்கைக் குழாயில் ஒட்டி, அதன் வயரை இந்தப் பலகையில் செருகினேன். அதற்குப் பிறகு அக்கா தட்டினால்தான் என் பெட்டி நகரும், தட்டாவிட்டால் ஊமை. மறுநாள் சாயங்காலம் அவர் சும்மா இரண்டு தட்டு தட்டினார். மேலே இரண்டு சுரம் எழுந்தது. திரும்பத் தட்டினார். கீழே அவர் சிரித்தது குழாய் வழியாகவே கேட்டது. அப்புறம் தினமும் துணி வெட்டும் நேரத்தில் அவர் தட்டுவார், நான் வாசிப்பேன். நான்கு மாதம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நான்கு மாதம்தான் சார்.

பிறகு ஒரு புதன்கிழமை சொன்னார். "முட்டி சொன்ன பேச்சு கேக்கல. மக ஒரேயடியா வந்துடுன்னு நிக்கறா. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன். நீ இனிமே தாராளமா பெரிய பொட்டி வாங்கிக்கோ, தட்டறதுக்குத்தான் ஆள் இல்லையே." விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பெரிய பெட்டிகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையை அளந்தேன். தாளப் பலகையைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன். திரும்பப் பொருத்த மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாய் தட்டத் தொடங்கியது. அவ்வளவு சீராக அவர் தட்டியதே இல்லை. பெட்டியை இயக்கினேன், பதிவுக் கருவியையும் போட்டேன். அவருக்குக் கேட்கும்படி ஒலியையும் கொஞ்சம் கூட்டினேன். மதியத்துக்கு மேல் தட்டு தளர்ந்தது. அதற்கு ஏற்ப சுரங்களை நீட்டிக்கொடுத்தேன். ராத்திரியும் விட்டு விட்டு வந்தது, நானும் தூங்கவில்லை. இருக்கிற இடத்துக்குள் வாசிப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஞாயிறு மதியம் மகள் போன் செய்தாள். "அண்ணா, அம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க. கொஞ்சம் எட்டிப் பாக்கறீங்களா?"

"இருக்காங்கம்மா. தட்டற சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. கையில வேலை இருக்கும்" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கடைசித் தட்டு வந்தது. பெட்டி நின்றது. அடுத்தது வரும் என்று ஏழு மணி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேலைக்குப் போய் இருபத்தாறு பேரைச் சோதித்தேன். மத்தியானம் மகள் பூட்டை உடைத்துப் பார்த்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். தொடை எலும்பு முறிந்து குழாயடியில் இறந்து கிடந்ததும், கையில் கத்தரிக்கோல் இருந்ததும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். தெரியும் என்றால், கண்ணால் பார்த்ததுபோலத் தெரிந்தது.

மூன்றாவது ஏற்பாடு இதுதான். "விடாம தட்டினேன்னா விழுந்துட்டேன்னு அர்த்தம் தம்பி. சாவியை எடுத்துக்கிட்டு ஓடி வா." சாவியை அவரே என் உள்ளங்கையில் வைத்து மூடினார். திருகாணி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இப்போது அது உங்கள் பையில் இருக்கிறது.

கேட்டதா இல்லையா என்று காலையிலிருந்து என்னைத் துளைக்கிறீர்கள். கேட்டது சார். ஒவ்வொன்றும் கேட்டது. என்ன அர்த்தம் என்று முதல் நிமிஷத்திலேயே தெரியும். போய்த் தூக்கியிருந்தால் மகள் அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பாள். மாசக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

பெட்டி விஷயத்தில் அக்கா சொன்னதுதான் சரி, பெரிசு தேவைப்படவில்லை. இன்னும் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தட்டியபோதெல்லாம் நான் பதில் வாசித்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் தனியாக இல்லை.