நெஞ்சு வலிக்குக் கால் வைத்தியம்

அறுபதுகளில் ஒரு நாள், ராமேஸ்வரம் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெரியவர், மதுரையில் நெஞ்சு வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பரமக்குடி தாண்டியதும் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்:

"டாக்டரு சொன்னாரு, சீமையில நெஞ்சு வலிக்குக் காலை அமுக்கிப் பாக்குறாகளாம்."

"காலை அமுக்கணும்னா நேரா கேளுங்க. டாக்டரை எதுக்கு இழுக்குறீக?"

"நெசமாத்தான்டி. நெஞ்சு ஒருக்க துடிச்சு ஓயுமில்ல, அந்த நேரம் பாத்து மெசின் அமுக்குமாம். கால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறுமாம்."

"அந்த மெசின் மதுரையில இருக்கா?"

"நம்ம நாட்டுலயே இல்லையாம்."

அந்த அம்மா அவர் காலைத் தூக்கி மடியில் வைத்து, ஒரு கையால் அவர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு மறுகையால் கெண்டைக்காலை அமுக்கத் தொடங்கினார்.

"ஏய், எல்லாரும் பாக்குறாக!"

"பேசாம இருங்க. தாளம் தப்புது."