ஒரே ஒரு ஜிப் டிஸ்க்

யார் டிஸ்க் கொண்டுவந்தாலும் தூசி தட்டிவிட்டுத்தான் டிரைவில் போடுவேன். பாறசாலையில் டி.டி.பி. சென்டர் நடத்துகிறவர்களில் அந்தப் பழக்கம் எனக்கு மட்டும்தான்.

தொண்ணூற்றெட்டில் ராஜதாஸ் சார் ஃபிளாப்பியைவிடத் தடித்த ஒரு ஜிப் டிஸ்க் கொண்டுவந்தார். குளத்தூர் முதல் காட்டாக்கடை வரை பதினோரு வருடம் அலைந்து, ஜனங்களின் வாயிலிருந்து சேர்த்த சொற்களின் அகராதி. நெய்யாற்றின்கரை அச்சகத்து மேக் கம்ப்யூட்டரில் அதை அடித்தவள் ஸ்ரீகுமாரி. நாகர்கோவிலில் புத்தகம் போடுகிறவர்கள் விண்டோஸில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது விண்டோஸ்.

காலையிலேயே ஸ்ரீகுமாரி போன் செய்திருந்தாள்.

"மேக்குல எடமில்ல ஜெயன் சேட்டா, அழிச்சிட்டேன். சார் எழுதின சீட்டெல்லாம் மழையில போச்சு. இது ஒண்ணுதான் உண்டு. பத்திரமா பாக்கணும், கேட்டியளா."

என் சென்டருக்கு வேலைக்கு வரச் சொல்லி அவளைக் கேட்டிருந்தேன். கல்யாணத்துக்கும் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் சிரித்தாள்.

மேக் டிஸ்கை விண்டோஸ் படிக்க ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அது என்னிடம் இருந்தது. சார் டீ குடிக்கப் போனதும், அந்தப் புரோகிராமைத் திறக்காமலே டிஸ்கைப் போட்டேன். டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, இப்போது செய்யவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். பிறகு, யாரும் மீட்க முடியாதபடி முழுதாக இன்னொரு முறை ஃபார்மேட் செய்தேன்.

"இது காலி டிஸ்காக்கும் சார்," என்றேன், அவர் திரும்பி வந்ததும். "அந்தப் பெண்ணு பதியாம தந்திருக்கா."

அச்சகத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் சாருக்குப் பக்கவாதம்; பேச்சு போயிற்று. ஸ்ரீகுமாரி என் சென்டருக்கு வந்தாள். வருடம் திரும்புமுன் என் மனைவியானாள். தன்னால்தான் சார் விழுந்தார் என்று அழும்போதெல்லாம் நான்தான் தேற்றுகிறேன். ஞாயிறுதோறும் இருவரும் போய் சாரைப் பார்த்து வருகிறோம்.

இருந்தாலும் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். யாரிடமாவது சொன்னால் அடங்கும் என்று பட்டது. போன ஞாயிறு அவள் அடுக்களையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, சாரின் காதருகே குனிந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருடைய இடது கை என் சட்டையைப் பற்றியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

கிண்ணத்தோடு அவள் வந்தாள். "சார் எதுக்கு அழுறாரு?"

அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். "உன்னை மன்னிச்சிட்டாராக்கும், குமாரி."

அவள் முகம் தெளிந்தது. அவளுக்காக நான் செய்ததில் எதுவுமே வீண் போகவில்லை என்று அப்போது தோன்றியது.